கஞ்சி குடித்த குழாய்

ஜன்னலில் வைத்திருந்த பாட்டிலின் அடியில் நான்காவது முறையும் கோடு விழுந்திருந்தது. நகத்தின் கனம்கூட இருக்காது. பழுப்பாக, பாட்டிலைச் சுற்றி ஒரு வளையம். மேலே மஞ்சள் களிம்பு, கீழே கடுக்காய்த் தண்ணீர். சேர்ந்திருக்க வேண்டிய எண்ணெயும் தண்ணீரும் மறுபடி பிரிந்துவிட்டன. முந்தின நாள் சாயங்காலம் பார்த்தபோது அந்தக் கோடு இல்லை. காலையில் எங்கள் மகளிர் குழுக் கட்டடத்தைத் திறந்ததும் முதலில் அதுதான் கண்ணில் பட்டது. பாட்டிலைத் தூக்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. திருப்பி வைத்தால் தெரியாதோ என்று திருப்பி வைத்தேன். கோடு சுற்றிலும்தான் இருக்கிறதே, எந்தப் பக்கம் திருப்பினால் என்ன.

அந்தக் கோட்டுக்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலையில் தை, மாசியில் காற்று வறண்டுபோனால் எங்கள் குதிகால்கள் வெடிக்கும். சாமைக் கொல்லையில் கல்லும் கட்டியும் மிதித்து மிதித்து வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசியும். அதற்குத் தேன்மெழுகை நல்லெண்ணெயிலும் புங்க எண்ணெயிலும் உருக்கி, கடுக்காய் வேகவைத்த தண்ணீரை விட்டு அடித்தால் ஒரு களிம்பு வரும். வீட்டுக்கு வீடு செய்ததுதான். எங்கள் மகளிர் குழு அதை டப்பாவில் அடைத்து போளூர் கடைகளுக்கு அனுப்பியது. மிக்சியில் அடித்த களிம்பு பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு வாரம் போனால் டப்பாவின் அடியில் தண்ணீர் நிற்கும். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மூடியைத் திறந்து காட்டி, இது களிம்பா குழம்பா என்று கேட்டாராம்.

குழுவுக்குத் தலைவி என் மருமகள். அவள்தான் கீழே ஒரு காலேஜில் போய்ப் பேசி, ஒரு டீச்சரம்மாவை மலைக்கு வரவழைத்தாள். ஆவணியில் அந்த டீச்சரம்மா ஒரு மிஷினோடு வந்தார். மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு எவர்சில்வர் உறை. அதற்குள் சுண்டுவிரல் கனத்தில் ஒரு வெள்ளைக் குழாய், சாக்பீஸைத் துளைத்த மாதிரி. சுட்ட மண்தானாம். அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளாம். குழாய்க்கு உள்ளே வெதுவெதுப்பான எண்ணெயும் மெழுகும் ஓட வேண்டும். அதற்கு ஒருத்தி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய்க்கும் உறைக்கும் நடுவே கடுக்காய்த் தண்ணீர். சைக்கிள் பம்பால் காற்றடித்தால் அந்தத் தண்ணீர் ஓட்டைகள் வழியாக உள்ளே வேர்க்கும். வேர்வை மாதிரியே பொடிப்பொடியாக, எல்லாம் ஒரே அளவில். ஓடுகிற எண்ணெய் ஒவ்வொரு துளியையும் சுற்றிப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

மிக்சியில் அடித்தால் ஒரு துளி கடுகளவு, ஒரு துளி மணலளவு என்று உடைகிறது, அப்புறம் பக்கத்துத் துளியோடு ஒட்டி ஒட்டிப் பெரிதாகி அடியில் இறங்கிவிடுகிறது என்றார் டீச்சரம்மா. குழாயில் அடிப்பதே இல்லை, ஒவ்வொன்றாகப் பிறக்க வைக்கிறோம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. சோயாவிலிருந்து எடுத்த ஒரு பசையும் கொடுத்தார். தேன் மாதிரி வழிந்தது. அதை எண்ணெயில் கலந்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாதாம். கரண்டு தேவையில்லை என்பது இன்னொரு நல்லது. எங்கள் ஊரில் மழை தூறினாலே கரண்டு போய்விடும்.

ஒரே ஒரு நிபந்தனை. மிஷின் சோதனைக்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஐப்பசி முடிவதற்குள் பத்து நாள் பிரியாமல் நிற்கிற களிம்பைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மிஷின் ஆலங்காயம் பக்கத்தில் காத்திருக்கும் இன்னொரு குழுவுக்குப் போய்விடும். மருமகள் கையெழுத்துப் போட்டாள்.

என் மகன் அன்றைக்கே சொல்லிவிட்டான். கார்த்திகையில் கர்நாடகா காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போக மேஸ்திரியின் வேன் வரும். புருஷன் பெண்டாட்டியாக வந்தால்தான் தோட்டத்தில் தங்க இடம் நல்லபடி கிடைக்கும். மிஷின் நம்மிடமே தங்கினால் இங்கேயே இருப்போம், போனால் நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறோம் என்றான். பூட்டிக்கொண்டு என்றானே தவிர, வீட்டுக்குள் நான் ஒருத்தி இருப்பேன் என்பது அவன் கணக்கில் இல்லை.

எனக்கு வெளி ஆட்கள் முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது உள்ளேன் ஐயா என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கையை மட்டும் தூக்குவேன். அவர் நோட்டிலிருந்து தலை நிமிராதவர். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் வராதவளாக இருந்திருக்கிறேன்.

அதனால் குழுவிலும் பேசுகிற வேலை எனக்கு இல்லை. கைப்பிடி சுற்ற ஒருத்தி, பம்பு அடிக்க ஒருத்தி, மெழுகு உருக்க என் ஓரகத்தி. கழுவுகிற வேலை என்னுடையது. புதுக் குழாயை இரண்டு நாள் எண்ணெயில் ஊறவைக்கச் சொல்லி டீச்சரம்மா அதை என் கையில்தான் கொடுத்தார். எண்ணெயில் ஊறினால்தான் தண்ணீர் அதன் மேல் ஒட்டாது என்று ஒரு உடைந்த துண்டை வைத்துக் காட்டினார். எண்ணெய் குடித்த அந்தத் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சேப்பங்கிழங்கு இலை மேல் நிற்பது போல உருண்டையாக நின்றது. நான் நன்றாகப் பார்த்தேன். எல்லாம் எனக்குப் புரிந்தது.

புரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயை முகர்ந்து பார்த்தேன். பச்சை மண் வாசனை அடித்தது. புது மண்சட்டியை யாராவது நேராக எண்ணெய் விட்டு அடுப்பில் ஏற்றுவார்களா? முதலில் அரிசி கழுவின தண்ணீரில் ஊற வேண்டும். அப்புறம் கஞ்சி காய்ச்சி ஊற்றி ஆறவிட வேண்டும். கஞ்சி குடித்த சட்டிதான் இறுகும், கசியாது, கறியில் மண் வாசனை ஏறாது. எங்கள் வீடுகளில் அதற்குச் சாமைக் கஞ்சிதான். காலேஜில் படித்தவருக்குச் சட்டி பழக்கத் தெரியாதது ஒன்றும் அதிசயமில்லை, அவர் சொன்னபடி எண்ணெயிலும் ஊறவைத்துவிடுவோம், அதற்கு முன்னால் செய்ய வேண்டியதையும் செய்துவிடுவோம் என்று நினைத்தேன். பானையில் சாமைக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, குழாயை அதில் நிறுத்தி மூன்று நாள் வைத்தேன். நான்காம் நாள் கழுவி, வெயிலில் காயவைத்து, இரண்டு நாள் எண்ணெயில் போட்டேன். மண் வாசனை போய்விட்டது. எனக்கு ரொம்பத் திருப்தி.

முதல் களிம்பு மூன்றாம் நாள் பிரிந்தது. எண்ணெய் சரியில்லை என்றார்கள். செக்கை மாற்றினோம். அடுத்தது இரண்டாம் நாளே பிரிந்தது. மெழுகில் குப்பை என்று சொல்லி என் ஓரகத்தியை மூன்று முறை வடிகட்ட வைத்தார்கள். அவள் சும்மா இருக்கிறவளா. கைப்பிடி சுற்றுகிறவளைப் பார்த்துச் சொன்னாள்:

"காலைல புடிச்சி சுத்திக்கினு கீற. இந்நேரம் மாட்டுக்கிட்ட குந்தி இருந்தா நுரையாவது வந்திருக்கும்."

சுற்றுகிறவள் பம்பு அடிக்கிறவள் மேல் பழி போட்டாள். பம்பு அடிக்கிறவள் முள்ளின் மேல் போட்டாள். காற்றின் அழுத்தத்தைக் காட்ட ஒரு வட்ட மீட்டர் இருந்தது. முள் இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கொஞ்சம் வேகமாக அடித்தால் தாண்டிவிடும். மெதுவாக அடித்தால் தண்ணீர் உள்ளே போகவே போகாது. காலையில் தொடங்கினால் மத்தியானம் ஒரு சொம்பு அளவு களிம்புகூடத் தேறாது. கை விட்டுப்போகும். அத்தனையும் செய்து, பாட்டிலில் ஊற்றி, ஜன்னலில் வைத்து, தினம் குனிந்து அடியைப் பார்த்து, கடைசியில் அந்தக் கோடு.

மூன்றாவது களிம்பு முடிந்து குழாயைக் கழுவும்போது டீச்சரம்மா காட்டிய சொட்டு ஞாபகம் வந்தது. குழாயைத் துடைத்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நிற்கவில்லை. பரவி, காய்ந்த மண்ணில் விழுந்த மாதிரி உள்ளே போய்விட்டது. இன்னொரு சொட்டு விட்டேன். அதுவும் போனது.

மூன்று நாள் கஞ்சி குடித்த குழாய் எண்ணெயைக் குடிக்க மறுத்துவிட்டது. அதன் ஓட்டைகளில் சாமை உட்கார்ந்திருந்தது. சாமைக்குத் தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் உள்ளே சொட்டாமல் குழாயின் சுவரோடு படர்ந்து, பெரிது பெரிதாகக் கழன்று எண்ணெயில் விழுந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் இந்த வார்த்தைகளில் அன்றைக்கு நான் நினைக்கவில்லை. கஞ்சி என்ற ஒரு சொல்தான் மனதில் வந்தது. அதுவே போதுமாக இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். வெந்நீரில் போட்டேன். வெயிலில் வைத்தேன். ஐந்து நாள் எண்ணெயில் மூழ்கடித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு விடுவேன், அது ஒவ்வொரு முறையும் உள்ளே போகும். ஒரு தடவை ஆத்திரத்தில் குழாயை மடியில் அடித்துவிட்டேன். அப்புறம் உடைந்ததோ என்று பயந்து தடவித் தடவிப் பார்த்தேன். சொட்டு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் அந்த நான்காவது கோடு.

ஐப்பசி கடைசியில் டீச்சரம்மா காலை பஸ்ஸில் வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. துளி எல்லாம் பெரிதாக இருக்கிறது என்றார். எண்ணெயைக் கேட்டார், மெழுகைக் கேட்டார், முள்ளைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மருமகள் பதில் சொன்னாள். அப்புறம் அவர் குழாயை உருவிக் கையில் எடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். போனது.

"இது எண்ணெயில ஊறவே இல்லையே. யார் ஊறவெச்சது?"

நான் கதவோரம் சட்டிகளோடு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். திறந்தது திறந்தபடி இருந்தது. அதற்குள் மருமகள் பேசிவிட்டாள்.

"நான்தாங்க மேடம். அவசரத்துல சரியா ஊற வெக்கல. என் மேல தான் தப்பு."

ஓரகத்தி மருமகளை முறைத்தாள். அவளுக்குத் தெரியும், கழுவுகிறவள் யார் என்று. குழுவில் எல்லோருக்கும் தெரியும். டீச்சரம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். காலேஜில் பதில் சொல்ல வேண்டும், ஆலங்காயம் குழு இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது, என்னால் இனிமேல் பிடித்துவைக்க முடியாது என்றார். ஸ்பானரை எடுத்து உறையின் ஒரு பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தார். மருமகள் பக்கத்தில் நின்று கழற்றுகிற திருகாணிகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு டப்பா மூடியில் வைத்தாள். அழவில்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

எழுந்து போனேன். டீச்சரம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் பேச வரும் என்று நினைத்தேன்.

"கஞ்சி" என்றேன்.

அவர் திரும்பினார். "என்ன கஞ்சிம்மா?"

"சாமக் கஞ்சிங்க. கொழாய்க்கு. புதுச் சட்டிக்கு ஊத்தறாப்ல ஊத்தி மூணு நாளு வெச்சேன். அதுக்கு அப்பறந்தான் எண்ணெயில போட்டேன். அவ இல்லீங்க. நான்."

அவ்வளவு நீளமாக ஒரு வெளி ஆளிடம் நான் பேசியதில்லை. முதலில் சிரித்தது ஓரகத்திதான். அடுத்து ஒருத்தி, அடுத்து ஒருத்தி. மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தவள், பம்பு அடித்துத் தோள் இறங்கினவள், எல்லோரும் சிரித்தார்கள். மெழுகை மூன்று முறை வடிகட்டியது எதற்கு என்று ஓரகத்தி சிரித்துக்கொண்டே என்னைத் திட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கஞ்சி எவ்வளவு கெட்டி, சூடாக ஊற்றினேனா ஆறவைத்தா, கஞ்சியிலிருந்து எடுத்ததும் எதில் கழுவினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு இருந்த எரிச்சலில் அவர் நோட்டையும் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. போலீஸ்காரரிடம் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி சொன்னேன். கடைசியில் அவர் சொன்னார்:

"நீங்க செஞ்சது சட்டிக்குச் சரிம்மா. சட்டி ஓட்டைய அடைக்கத்தானே கஞ்சி ஊத்தறீங்க? எங்களுக்கு அந்த ஓட்டைதான் வேணும்."

இவ்வளவுதான் விஷயம். இதை யோசிக்க எனக்குப் பாதி நாள்கூட ஆகியிருக்காது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க வாய் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை.

காலேஜ் உலையில் வைத்துச் சுட்டால் கஞ்சி எரிந்துபோய்க் குழாய் பழையபடி ஆகிவிடும் என்றார். கழற்றிய திருகாணிகளை மருமகளிடமே திருப்பிக் கொடுத்தார். மிஷின் இங்கேயே இருக்கட்டும், காரணம் தெரிந்துவிட்டதால் காலேஜில் இன்னொரு முறை கேட்டுப் பார்க்க எனக்கு வழி இருக்கிறது என்றார். குழாயை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப்போனார். எப்போது திரும்பி வரும் என்று சொல்லவில்லை. உலைக்கு முறை வர வேண்டுமாம்.

வீட்டுக்கு நடக்கும்போது மருமகளைக் கேட்டேன், ஏன் பழியை உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று.

"கஞ்சிப் பானைல வெள்ளக் கொழாய் நிக்கறத அன்னிக்கே பார்த்தேன் அத்தே. சட்டி சமாச்சாரம் உனக்குத் தெரியாததா, நான் இன்னா கேக்கறதுன்னு வுட்டுட்டேன். நானுந்தான கேக்கல."

அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துத் தின்கிற இரண்டு பேர். நான் சொல்லாதது போகட்டும், இவளாவது கேட்டிருக்கலாமே. மேடையேறிப் பேசுகிறவள். காலேஜ் வரைக்கும் போய்ப் பேசியவள். என்னிடம் வாய் திறக்கவில்லை. அவளைத் திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாக நடந்து வீட்டுக்குப் போனோம்.

கார்த்திகையில் வேன் வந்தது. குழாய் வரவில்லை. மகன் எரிந்து விழுந்தான். வராத குழாய்க்காக யாராவது வேலையை விடுவார்களா என்றான். மருமகள் இருக்கிறேன் என்றாள். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மட்டும் மூட்டையோடு ஏறிப் போனான். போகும்போது என்னைப் பார்த்து, "கொழாய்க்குக் கஞ்சி ஊத்தற, எனக்கு ஒரு வாய் ஊத்தலையே" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். சாப்பிடாமல் கிளம்பியிருந்தான்.

மார்கழியில் போளூர் பஸ் கண்டக்டர் கையில் குழாய் வந்து சேர்ந்தது. முன்னைவிட வெளுத்திருந்தது. இந்த முறை மருமகளும் நானும் சேர்ந்தே எண்ணெயில் போட்டோம். இரண்டு நாள் கழித்து எடுத்துத் துடைத்து ஒரு சொட்டு விட்டேன். நின்றது. சாய்த்தேன், உருண்டு விழுந்தது. மறுபடி விட்டேன், மறுபடி நின்றது. போதும் அத்தே, தேஞ்சிடப் போவுது என்றாள் மருமகள்.

அந்தக் களிம்பு ஜன்னலில் பத்து நாள் தாண்டி, பொங்கலும் தாண்டி நின்றது. கோடு விழவில்லை. மிஷினை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று காலேஜிலிருந்து கடிதம் வந்தது. மகனுக்குப் போன் செய்து சொன்னோம். கணக்கு முடித்துக்கொண்டு மாசியில் வருகிறேன் என்றிருக்கிறான். வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷம் போவதா வேண்டாமா என்று சொல்லுவானாம். அவனும் அந்தப் பாட்டிலைத் தூக்கி அடியைத்தான் பார்க்கப் போகிறான்.

இதெல்லாம் ஆன பிறகு என் எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். குழாய் இன்னும் அதே வேகத்தில்தான் வேர்க்கிறது. காலையிலிருந்து சுற்றினால் மத்தியானம் ஒரு சொம்பு. முள்ளைத் தாண்டக் கூடாது. அவசரப்பட்டால் கோடு விழும். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஊர்ப் பெண்களின் குதிகால் வெடிப்புக்கே போதாமல் களிம்பு தீர்ந்துவிடுகிறது. என் காலுக்கு மிச்சம் கிடைப்பதில்லை.

மிஷினுக்கு மேலே சுவரில் மருமகள் கரியால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறாள்: கஞ்சி கூடாது. என்னை வைத்துக்கொண்டே எழுதினாள். கீழிருந்து மிஷினைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படித்துவிட்டு, என்ன கஞ்சி என்று கேட்கிறார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்புகிறார்கள். வெள்ளையடிக்கும்போது அழித்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். சுற்றிலும் அடித்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டாள். போன வாரம் ஆலங்காயம் பக்கத்திலிருந்து அந்த இன்னொரு குழுப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு மிஷின் வரப்போகிறதாம். அவர்களும் கேட்டார்கள். மருமகள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான்தான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான்.